உன் மகனின் பாட்டுகளைப் பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் தம்பி அனுப்பிய பாட்டுகளும் கிடைத்தன. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. வீட்டில் வேறு புதினம் இல்லை. அவன் பாட்டுகள் எப்படி இருக்கின்றன, சென்னை ஸ்டூடியோவில் பதியப் பணம் கட்டலாமா என்று நீ கேட்ட விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

பையனுக்குக் குரல் இருக்கிறது, மெட்டும் போட வருகிறது. ஆனால் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வளர்ந்த பிள்ளையின் பாட்டில் பனிமழை எப்படிக் கொட்டுகிறது? மார்கழி ஈரக்காற்றுக்கே குல்லா தேடுகிற வம்சம் நாம்!

என் மகள் ஓயாமல் ஓர் ஆல்பம் கேட்கிறாள். அவள் புண்ணியத்தில் நானும் கேட்டேன். லோர்ட் என்ற பெயரில் பாடும் நியூசிலாந்துப் பெண்ணின் முதல் தொகுப்பு, 'ப்யூர் ஹீரோயின்'. 2013 செப்டம்பரில் அது வெளிவந்தபோது அவளுக்கு வயது 16. பள்ளி விழாவில் அவள் பாடிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய நிறுவனம் 13 வயதிலேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பிறர் பாடிய பாட்டுகளைப் பாட வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. இவள் மசியவில்லை, நானே எழுதுவேன் என்றாள். அம்மா கவிஞர், பிடிவாதம் அந்த வழியில் வந்ததோ என்னவோ. யார் யாரோடோ உட்கார்த்திப் பார்த்து, கடைசியில் ஜோயல் லிட்டில் என்ற இசைத் தயாரிப்பாளரோடுதான் ஒத்துப்போயிற்று.

பத்தே பாட்டு, நாற்பது நிமிடம்கூட இல்லை. வாத்தியங்களும் சொற்பம். அடியில் கனமான தாளம், விரல் சொடுக்கு, அவள் குரலையே பல அடுக்காகப் பதிந்து செய்த கோரஸ். சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெருக்கிய கூடம் போல இருக்கிறது. அந்த வெற்றிடத்தில் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. விழும்படியான சொற்களையும் எழுதியிருக்கிறாள். அவள் வளர்ந்தது டெவன்போர்ட். ஆக்லாந்து நகர மையத்துக்குப் படகேறிப் போகக்கூடிய கடலோரப் பகுதி. அந்தத் தெருக்கள், பெற்றோர் ஊரில் இல்லாதபோது வீட்டில் நடந்த விருந்து, வயதாகிவிடுமே என்ற பயம், சினிமாவில் தலைகாட்டாத ஊர்களில் வாழ்கிறவர்களின் வீம்பு எல்லாம் பாட்டாகியிருக்கின்றன. பாப் பாட்டுகளில் வரும் வைரமும் சொகுசுக் காரும் நமக்கு எதற்கு என்று கேட்ட 'ராயல்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. கறுப்பினத்தவரின் ராப் இசையைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று அப்போதே சிலர் சண்டைக்கு வந்தார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு என்றே எனக்குப் படுகிறது. பின்பாதியில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரியும் இருக்கின்றன. இருந்தாலும் அந்த ஊர் அவளுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நம் பக்கத்தை யார் பாடியிருக்கிறார்கள், சொல்? கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிப் பாடினார். அதோடு சரி! தானே புயலில் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன, ஒரு பாட்டு வந்ததா? உன் தெருவையே எடுத்துக்கொள். விசைத்தறிச் சத்தத்தில் எத்தனை தாளம் கிடைக்கும்! சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க் கார்கள் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொள்ள, உள்ளூர்ப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதை அவன் வாராவாரம் பார்க்கிறவன்தானே?

ஆகவே சென்னை ஸ்டூடியோவுக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாதே. ஒரு நல்ல மைக் மட்டும் வாங்கிக்கொடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே, கோபித்துக்கொள்வான். அவன் அனுப்பியதில் மூன்றாவது பாட்டில் பாட்டியின் இருமலைப் பற்றி ஒரு வரி வருகிறதே, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று மட்டும் கேள். எழுதினால் எனக்கும் அனுப்பச் சொல்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வருவாய் அல்லவா? வரும்போது அவனையும் அழைத்து வா.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி