கரும்புக்கடை என்றதும் நின்றுபோன நேர்காணல்

ஐயா,

என் மகள் பி.காம். முதல் வகுப்பில் தேறியவள், டேலி என்ற கணக்கு மென்பொருளும் பழகியவள். சென்ற மாதம் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் நேர்காணல். கணக்குக் கேள்விகள் அத்தனைக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். விண்ணப்பத்தைப் புரட்டியவர், "கரும்புக்கடையா?" என்று ஒரு கணம் நிறுத்தினாராம்; முஸ்லிம்கள் அதிகம் வாழும் எங்கள் பகுதி அது. பிறகு, "வாடிக்கையாளர்கள் வந்துபோகும் இடம்மா. முக்காடு இல்லாமல் வர முடியுமா?" முடியாது என்றாள். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். போன் வரவில்லை. சான்றிதழ் கோப்பைப் பீரோவில் வைத்தவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோ இப்போது காந்திபுரத்து உறவினர் முகவரியைப் போட்டுத்தான் விண்ணப்பிக்கிறாள்.

தமிழக அரசு 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் அது அரசு வேலைக்கும் கல்விக்கும்தான். வேலையில் மதம் பார்ப்பதைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவும் அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, பாலினம் பார்த்து வேலை மறுப்பதைத் தடுக்கிறது. மதம் பார்த்துத் தனியார் மறுத்தால் நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவது? சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்று முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006-லேயே சொன்னது. இதுவரை அமையவில்லை.

மத்திய அரசுக்காகக் காத்திராமல், தனியார் வேலைக்கும் பொருந்தும் சட்டத்தைத் தமிழக அரசே கொண்டுவர வேண்டும். புகார் வாங்க மாவட்டத்துக்கு ஓர் அலுவலரையாவது உடனே நியமிக்க வேண்டும்.

ஒரு தாய்,
கோவை.