ஷின் அருவியில் நான் சொன்னது

கோபிசெட்டிபாளையம்,
புரட்டாசி 10.

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, நடவு முடிந்தது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மீன் பிடிக்கச் சனிக்கிழமை போகலாம் என்று நீ சொன்னபோது, ஞாயிறு போனால் என்ன என்று கேட்டேன். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டமே இடம் கொடுப்பதில்லை என்றாய். துணைக்கு வந்த பெரியவரைப் போன்றவர்களை அங்கே ‘கில்லி’ என்றுதான் அழைப்பார்கள் எனக் கேட்டு, மருமகள் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டாள். கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறிய சால்மன் இரையே எடுப்பதில்லையாம். பசியில்லாத மீன் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை ஏன் கவ்வுகிறது என்பதற்கு அந்தப் பெரியவரிடமும் உறுதியான விடை இல்லை. பகலெல்லாம் தொடையளவு நீரில் நின்று நீ பிடித்தது ஒரே மீன். அதையும் ஈரக் கையால் தாங்கி, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்து, தெம்பு வந்து நழுவும் வரை காத்திருந்து விட்டுவிட்டாய். குழம்புக்கு ஆகாத மீனைப் பணம் கட்டிப் பிடிப்பானேன் என்றாள் உன் அம்மா. கொடிவேரி அணைக்குப் போனால் மீன் வறுவல் தின்னாமல் திரும்பி அறியாத எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு ஷின் அருவிக்குப் போனோம். அது பெரிய உயரமில்லை, குற்றாலத்தைப் பார்த்தவனுக்கு அது ஒரு படிதான். ஆனால் கரிமண்ணில் ஊறித் தேநீர் நிறத்தில் இறங்கிய அந்த நீரைக் கிழித்துக்கொண்டு, முழங்கை நீள மீன் எகிறி, பாறையில் மோதி விழுந்து, மறுபடியும் எகிறியதைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. பேத்தி பதினொன்று வரை எண்ணினாள். அப்போதுதான், “மீனுக்குக்கூடப் பிறந்த ஆறு மறப்பதில்லை, படித்தவர்களுக்குத்தான் மறந்துபோகிறது” என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன். நீ பதில் பேசாமல் குழந்தையின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாய். இன்வர்னெஸ் வரும் வரை அம்மா என்னோடு பேசவில்லை.

இங்கே வந்த பிறகு அந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். குஞ்சாக இருக்கையிலேயே தன் ஆற்று நீரின் வாடையைப் பதித்துக்கொண்டு, கடலில் ஓராண்டோ இரண்டு மூன்று ஆண்டோ அலைந்து, அந்த வாடையைப் பிடித்தே திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு சில வழிமாறி வேறு ஆற்றில் ஏறிவிடும். உறைபனி விலகிய புதிய ஆறுகளில் சால்மன் குடியேறியதே அவற்றால்தானாம். உன் பூட்டனாரும் காங்கயத்து மேட்டாங்காட்டை விட்டு இந்த வாய்க்கால் பாசனத்துக்குக் குடி வந்தவர்தாம். அவரை ஊர் மறந்தவர் என்று யாரும் ஏசியதாக நான் கேட்டதில்லை. நான் சொன்னது தவறு, கண்ணு. மருமகள் முன்னால் சொன்னது அதைவிடத் தவறு. அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

“ஏற முடியாத மீன் என்ன ஆகும், அப்பாரு?” என்று பேத்தி கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அருவிக்குக் கீழே மடுவில் கிடந்து, நீர் தோதானதும் மறுபடி எகிறும் என்று சொல். அவளுடைய ரப்பர் பூட்ஸில் ஒன்று எங்கள் பெட்டியோடு வந்துவிட்டது. திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா