புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போகும் மகளுக்கு

அம்மிணி,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். புனேயில் பி.என்.ஐ. கூட்டத்துக்கு, அதாவது தொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அறிமுகப்படுத்திக்கொள்ளும் குழுவின் கூட்டத்துக்கு, விசிட்டராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், காலை ஏழு மணிக்கு முன்பின் தெரியாத நாற்பது பேருக்கு நடுவே எழுந்து நின்று என்ன பேசுவது என்று கேட்டாய். அட்டைப்பெட்டித் தொழில் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, தயக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் போய்விட்டு வா.

போவதற்கு முன் ஒன்று விசாரித்துக்கொள். அங்கே ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருத்தருக்குத்தான் இடம். பேக்கேஜிங்குக்கு ஏற்கெனவே ஆள் இருந்தால் வேறு குழுவைத்தான் பார்க்க வேண்டும். இடம் இருந்தாலும் அன்றைக்கே பணம் கட்டிவிடாதே. வாராவாரம் போக வேண்டிய கூட்டம், அந்த நேரத்தில் உன் யூனிட்டில் லோடு ஏற்றுவதை யார் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் சேர்.

சுருக்கமாக அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். எல்லா விதமான பெட்டியும் செய்வோம் என்று சொல்லாதே கண்ணு, கேட்கிறவர் மனதில் எதுவும் தங்காது. சாக்கன் தொழிற்பேட்டையிலிருந்து போகும் கியர், ஷாஃப்ட் மாதிரி கனமான சாமானுக்கு ஐந்து பிளை, ஏழு பிளை என்று அடுக்கு வைத்த கெட்டிப் பெட்டி போடுகிறேன், மழைக்காலத்தில் துரு ஏறாமல் இருக்க உள்ளே வி.சி.ஐ. என்கிற துருத்தடுப்புத் தாள் சுற்றித் தருகிறேன், டிஸ்பாட்ச் பார்க்கிறவர் யாரையாவது தெரிந்தால் அறிமுகப்படுத்துங்கள் என்று சொல். அப்படிச் சொன்னால்தான் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் மச்சான் வேலை பார்க்கிற கம்பெனி ஞாபகம் வரும்.

நான் முதல் தடவை கோயமுத்தூர் கொடிசியாவில் இன்டெக் இயந்திரக் கண்காட்சிக்குப் போனபோது இருநூறு கார்டு அடித்துக்கொண்டு போய் ஸ்டால் ஸ்டாலாகக் கொடுத்தேன். ஒரு போன்கூட வரவில்லை. அடுத்த தடவை நம் லேத்தில் கடைந்த ஒரு பம்ப் இம்பெல்லரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனேன். டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் கையில் வாங்கி, நடுத் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார், அதற்குப் பிறகுதான் என் முகத்தையே பார்த்தார். "எங்க லேத்துக்காரன் ஊருக்குப் போய் மூணு வாரமாச்சுங்க, நானூறு பீஸ் அப்படியே கிடக்குது" என்றார். அவர் கார்டின் பின்னால் '400 பீஸ், திங்கள் காலை' என்று எழுதிக்கொண்டேன். திங்கள் எட்டு மணிக்கு அவர் பட்டறை வாசலில் நின்றேன். அந்த வேலையில் வந்த காசில்தான் நம் இரண்டாவது லேத் வந்தது. அவர் சொல்லி வந்தவர்கள் இன்னும் மூன்று பேர், அதில் ஒருவருக்கு இன்றைக்கும் ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறேன்.

அதனால் நாற்பது பேரையும் பிடிக்க ஓடாதே. நாலு பேரிடம் நிதானமாக நின்று பேசு, அவர்களுக்கு எந்த வேலை சிக்கிக் கிடக்கிறது என்று கேள். உன்னால் ஆகாத வேலையாக இருந்தாலும் செய்யக்கூடிய ஆளைத் தெரிந்தால் நம்பரைக் கொடு. வண்டி எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கார்டின் பின்னாலும் பேசியதை எழுதிவை, மத்தியானத்துக்குள் எல்லாம் கலந்துபோகும். இரண்டு நாளுக்குள் கூப்பிட்டுவிடு.

கணபதியில் நம் பட்டறைக்கு எதிரில் கியர் வெட்டுகிறவரின் மகன் இப்போது உங்கள் புனே போசரியில் இருக்கிறானாம், அம்மா சொன்னாள். சாயங்காலம் போய் நம்பர் வாங்கி அனுப்புகிறேன். ஏழு பிளை அட்டையில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்.

அப்பா