சம்பா கோவிலுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு

புதுச்சேரி, கடலூர் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் கல்விச் சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

சம்பா கோவில், கப்ஸ் கோவில், இருதய ஆண்டவர் பசிலிக்கா, பாரதி பூங்கா, கடற்கரை என எல்லாவற்றையும் ஒரே காலையில் அடைப்பதை விட்டுவிடுங்கள். இருநூறு பிள்ளைகள் வாசலில் குழுப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். சம்பா கோவில் எனப்படும் மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா பேராலயத்துக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரம் வேண்டும். கப்ஸ் கோவில் 1855-இலும் பசிலிக்கா 1907-இலும் கட்டி முடிந்தவை. இரண்டையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

கோயிலின் வரலாற்றைக் காட்டும் காலக்கோடாகப் பள்ளியிலேயே பத்தரை மீட்டர் சணல் கயிறு ஒன்று தயார் செய்யுங்கள். நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். ஒரு முனை 1690. பத்து ஆண்டுக்கு ஒரு மீட்டர். முடிச்சும் போடாதீர்கள், ஒவ்வொரு முடிச்சும் நீளத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு நிகழ்வின் ஆண்டுக்கும் வண்ண ரிப்பன் கட்டுங்கள். 20 செ.மீ.யில் 1692, இயேசு சபையாரின் முதல் கோயில். பத்தே செ.மீ. தள்ளி 1693: டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள், கோயில் போயிற்று. அடுத்துக் கட்டியதும் நிலைக்கவில்லை. 4.60 மீட்டரில் 1736, மூன்றாவது கோயில் முடிந்தது. 7.10-இல் 1761: ஆங்கிலேயர் நகரத்தோடு அதையும் இடித்தார்கள். 8 மீட்டரில் 1770, இப்போதுள்ள கோயிலின் வேலை தொடக்கம். 10.10-இல் 1791, அர்ச்சிப்பு, அதாவது கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்கு.

கடலூர்ப் பிள்ளைகள் 6.80-இல் இன்னொரு ரிப்பன் கட்டட்டும். பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்த 1758 அது. அங்கிருந்து 1761-க்கு 30 செ.மீ.தான். பழிக்குப் பழி என்று நீங்கள் விளக்குவதற்கு முன்பே யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

கயிற்றை முன்வாசலில் விரியுங்கள்; உள்ளே விரித்தால் ஜெபிக்க வருபவர்களின் காலில் தடுக்கும். பிறகு முகப்பு. தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கும். இரண்டு கிரேக்கத் தூண் பாணிகள்: கீழே டோரிக், தலைப்பகுதியில் அலங்காரம் இல்லை; மேலே அயோனிக், இருபுறமும் சுருள். கீழொன்று மேலொன்று, இரண்டு தூண்தலைகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். முகப்பு முழுவதையும் வரைய விட்டால் எல்லார் தாளிலும் ஒரு முக்கோணமும் சிலுவையும்தான் மிஞ்சும். இருபது பேர் வெளியே வரையும்போது இன்னொரு இருபது பேர் உள்ளே போகலாம், குழுவுக்கு ஓர் ஆசிரியர். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே என்றால் கயிறு வேண்டாம், தூண் போதும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல், பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் சேருங்கள். அன்றைய மூன்றாவது கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த உட்சுவர் 1745-இல் இடிபட்டதும், பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது இடிக்கப்பட்டதும் அதில் உண்டு. தயங்கி மறைக்காதீர்கள். ஆனால் அதை வகுப்பறையிலேயே படித்து, கேள்வி கேட்டு முடித்துவிட்டு வாருங்கள். வழிபாட்டு இடத்தில் அந்த விவாதம் தொடங்கினால் கேட்பவருக்கும் சங்கடம், பிள்ளைகளுக்கும் பாதியில் நின்றுபோகும்.

ஞாயிறு வேண்டவே வேண்டாம். திருப்பலியும் இருக்கும், காந்தி வீதிச் சந்தை நெரிசலும் இருக்கும். டிசம்பர் 8 பெருவிழாவையொட்டிய நாட்களையும் தவிருங்கள். வார நாளானாலும் திருமணமோ அடக்கமோ இருக்கலாம். ஆகவே பங்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, வரும் நேரம், கிளம்பும் நேரம், பொறுப்பாசிரியரின் கைபேசி எண். முதல் நாள் மாலை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மிஷன் வீதியில் பேருந்து நிற்க இடம் கிடைக்காது. பிள்ளைகளை இறக்கிவிட்டு எங்கே காத்திருப்பது என்பதை ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
மரபு நடை வழிகாட்டிகள் சிலர், புதுச்சேரி