ஊறுகாய், மசாலா, அப்பள வியாபாரிகளின் சங்கங்களுக்கு ஒரு லேபிள்காரனின் மடல்

சென்னைச் சிறு வியாபாரச் சங்கங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ராயப்பேட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக லேபிள் வரைகிறேன். உங்களில் சிலருடைய ஊறுகாய் பாட்டிலுக்கும் மசாலா பவுச்சுக்கும் முகம் வரைந்தது நான்தான். ஜிஎஸ்டிக்குக் கூட்டம் போடுகிறீர்கள், உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கும் போடுகிறீர்கள். பெயருக்கும் லேபிளுக்கும் ஒரு கூட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

கடைக்கு வருபவர் மஞ்சப்பையிலிருந்து வேறொரு கம்பெனியின் பாக்கெட்டை எடுத்து என் மேஜையில் வைப்பார். "இதே சிவப்பு, இதே சாய்வெழுத்து. பேர்ல ஒரு எழுத்தை மட்டும் மாத்திடுங்க சார்." ஒரு எழுத்து மாறினால் போதும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அமிர்ததாரா, லக்ஷ்மண்தாரா என்ற இரண்டு மருந்துகளின் வழக்கு 1962இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆள் குழம்புவாரா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். எழுத்தை எண்ணிப் பார்க்கும் கணக்கு அன்றைக்கே செல்லாது.

அதற்காக எதிர்க் கோடிக்கும் போக வேண்டாம். 'ருசி' என் பெயரில் இருக்கிறது, வேறு யாரும் தொடக் கூடாது என்று சண்டைக்கு நிற்பவர்களையும் பார்க்கிறேன். 2025 ஆகஸ்டில் 'பிளெண்டர்ஸ் பிரைடு', 'லண்டன் பிரைடு' வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. பெயரை முழுசாகப் பார்க்க வேண்டும், எல்லோரும் புழங்கும் ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து உரிமை கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். விஸ்கி வழக்குதான். ஆனால் சாம்பார்ப் பொடிக்கும் அதே சட்டம்தான்.

லேபிளின் படத்தைக் காப்பியடிப்பது காப்புரிமைக் (காப்பிரைட்) குற்றமும்கூட. தெரிந்தே செய்தால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரைந்தவனும் அச்சுக்குப் பிளேட் போட்டவனும் சேர்ந்துதான் மாட்டுவோம். உங்கள் ஒரு ஜாபுக்காகப் புழலைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

அப்புறம் அந்த வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்' எழுத்து. "போட்டா கம்பீரமா இருக்கும்" என்று வருஷத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். பெயருக்கு வணிகச்சின்னப் (டிரேட்மார்க்) பதிவு கிடைத்தவர் மட்டுமே அதைப் போடலாம். பொய்யாகப் போட்டவருக்கு முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அது அபராதமாக மாறியிருக்கிறது: விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது ஐந்து லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அது. சிறை போய்விட்டது என்றதும் சிலருக்குத் தைரியம் வந்திருக்கிறது. 'டிஎம்' (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) என்று கேளுங்கள், இன்றைக்கே போட்டுத் தருகிறேன். அதற்குப் பதிவு வேண்டியதில்லை.

பெரம்பூரில் ஓர் அம்மா 2012 முதல் ஒரே பெயரில் ஊறுகாய் விற்றுவந்தார். பின்னால் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்து புகார் கொடுக்க, ஆன்லைன் கடையிலிருந்து இவருடைய பாட்டிலை எடுத்துவிட்டார்கள். "என்கிட்ட ஜிஎஸ்டி இருக்கே, உணவு லைசென்ஸ் இருக்கே தம்பி" என்று என் கடையில் உட்கார்ந்து அழுதார். அவை இரண்டும் பெயருக்குப் பட்டா ஆகாது. ஆனால் வணிகச்சின்னச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, முன்னால் இருந்தே தொடர்ந்து புழங்கி வருபவரைக் காப்பாற்றுகிறது. அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் முதலில் கேட்டது பழைய பில்லை. அவரிடம் ஒன்றுகூட இல்லை. என் அலமாரியில் 2012ஆம் வருஷத்து பில் புக் இருந்தது. கார்பன் நீலம் மங்கிப் போயிருந்தாலும் பெயரும் தேதியும் '2,000 லேபிள்' என்பதும் படிக்க முடிந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஊறுகாய் இப்போதைக்கு வேறு பெயரில் போகிறது.

வணிகச்சின்னப் பதிவுக் கட்டணம் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு சரக்கு வகைக்கு) 4,500 ரூபாய். தனி நபருக்கும் உத்யம் என்ற மத்திய அரசுச் சான்று வைத்திருக்கும் சிறு தொழிலுக்கும் இந்த விலை. மசாலாவும் அப்பளமும் 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. இரண்டும் விற்றால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். கிடைத்தால் பத்து வருஷம் செல்லும். நமக்கான அலுவலகம் டெல்லியில் இல்லை, நம் கிண்டியில்தான் இருக்கிறது. வணிகச்சின்ன இதழ் வாரா வாரம் வருகிறது. உங்கள் பெயரை வேறு யாராவது கேட்டிருந்தால், இதழில் வெளியான நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் போடலாம். சங்கத்தில் ஓர் ஆள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஒவ்வொருவரும் மெனக்கெட வேண்டாம்.

இனி எனக்கே நஷ்டமான ஒரு விஷயம். காசு கொடுத்து வரையச் சொன்னதாலேயே படத்தின் காப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நான் உங்கள் சம்பளக்காரன் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை மாறும். அதிலும் காலம் எழுதாமல் விட்டால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு நான் போய், என் பிள்ளைகள் வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்?

"அதான் ஏஐ இருக்கே" என்கிறார்கள் இளவட்டங்கள். சரி, வரையட்டும். கம்ப்யூட்டரில் உருவான படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது சட்டம். அந்த வரியை எழுதியது 1994இல். நாலு வார்த்தை தட்டிவிட்டுப் படம் வாங்குபவருக்கு அது பொருந்துமா என்பது இன்னும் தீராத கேள்வி. போதாததற்கு, பக்கத்துத் தெருக்காரருக்கும் அதே மயில், அதே கோபுரம் வந்து விழலாம்.

அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள், டீ மட்டும் போதும். என்னிடம் லேபிள் வரைந்தவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் உரிமை மாற்றத்தை எழுதி, எத்தனை காலத்துக்கு என்பதையும் மறக்காமல் குறித்து எடுத்து வாருங்கள். பணம் வாங்காமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பழைய பில் வேண்டும் என்றால் வருஷத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், பரணில் ஏறித் தேட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் லேபிள்காரன்