வெளியூர் ரசிகரும் ஊர் திரும்ப வேண்டாமா?

ஆசிரியருக்கு,

2018 மார்ச் 17, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதி ஆட்டம். மகனோடு காலை பிருந்தாவன் ரயிலேறி பெங்களூரு போனேன். கண்டீரவா அரங்கில் எங்கும் நீலம். நம் சென்னையின் எஃப்சி நிறமும் அதுதான், ஆனால் குரல் எதிரணியான பெங்களூரு எஃப்சி ரசிகர்களுடையது. 9-வது நிமிடத்திலேயே அவர்களின் சுனில் சேத்ரி கோல் போட்டதும் பையன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். பிறகு நம் மைல்சன் ஆல்வ்ஸ் இரண்டு கார்னர்களில் தலையால் முட்டி இரண்டு கோல்! கடைசியில் 3-2, கோப்பை நமக்கு. தொண்டை கட்டிப்போனது.

வெளியே வருவதற்குள் ரயில் போய்விட்டது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். இத்தகைய இரவு ஆட்டங்களை மாலை 5 மணிக்கே தொடங்கக் கூடாதா?

– ஒரு ரசிகர், பெரம்பூர், சென்னை