கல்லீரல் அறுவை: பஸ் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லீரல் அறுவை சிகிச்சைக்கு வந்துள்ள நவீனக் கருவிகள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. மேசையில் படுக்கப்போகிறவரைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால் அந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அறுவைக்குப் பின் வரும் பல சிக்கல்களுக்கான காரணம், நோயாளி சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறும்போதே அவர் உடம்பில் இருக்கிறது.

நல்ல கல்லீரலில் முக்கால் பங்கு வரை வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து ஈடுகட்டிவிடும். குடியாலோ ஹெபடைடிஸ் பி வைரஸாலோ இறுகிச் சுருங்கிய கல்லீரல் என்றால் குறைந்தது 40 சதவீதமாவது விட்டுவைக்க வேண்டும். அறுவை முடிந்த ஐந்தாம் நாள் பிலிருபினும் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) ரத்தம் உறையும் நேரமும் இறங்காமல் நின்றால், மிச்சக் கல்லீரல் திணறுகிறது என்று டாக்டர்கள் உஷாராகிறார்கள். இதோடு சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுகிறது. ரத்தசோகையோடு போனால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அதுவும் சிக்கலைக் கூட்டுகிற காரணங்களில் ஒன்று.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பத்தியம்தான். கண் மஞ்சளானதும் எங்கள் பக்கம் பச்சிலை, உப்பில்லாத கஞ்சி என்று வாரக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தண்ணீரால் பரவும் காமாலை பெரும்பாலும் தானாகவே போய்விடும், பெயர் பச்சிலைக்கு. பித்தக்குழாய் அடைத்து வரும் காமாலை அப்படிப் போகாது. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு என்றால் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திச் சதை கரைந்து, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இறங்கிய பிறகு கத்தி வைத்தால் புண் எப்படி ஆறும்? பக்கத்து நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்!

முதல்வர் காப்பீட்டு அட்டை அறுவைச் செலவைத் தாங்குகிறது. துணைக்குப் போகிறவரின் பஸ் கட்டணம், சாப்பாடு, விட்டுப்போன கூலி எல்லாம் குடும்பத்தின் தலையில். அதனால்தான் வீடு திரும்பியவர்கள் மறுபரிசோதனைக்குப் போவதில்லை. குளிர்காய்ச்சல், தையல் வழியே மஞ்சளாக நீர் கசிவது எல்லாம் பித்தநீர்க் கசிவோ உள்ளே சீழோ இருப்பதன் அறிகுறியாகலாம். வயிற்றில் தழும்பு ஆறாதவர்கள்கூட என் கடையில் காய்ச்சல் மாத்திரை மட்டும் கேட்டு நின்றிருக்கிறார்கள். திருப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் கோபம் வேறு!

வீடு தேடி வந்து மருந்து கொடுக்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும் அதே ஊழியர்கள், அறுவைக்குத் தேதி வாங்கியவரின் சர்க்கரையையும் ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் பார்த்து, குடியை நிறுத்தியிருக்கிறாரா என்றும் கேட்டு வரலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும் முன் இரண்டு மூன்று வாரம் உடம்பைத் தேற்றுவதும், வந்த பின் தையலையும் காய்ச்சலையும் கவனிப்பதும் அங்கேயே நடக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரிகள் டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த அறிகுறிக்கு எங்கே ஓட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மாவட்டச் சுகாதார அதிகாரிகளின் கண்ணில் படும்படி இதை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.